ராமேசுவரத்தில் மூன்று ஜாகை

மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் என்ன சீமையா? ஜட்கா ஏறினால் அரை மணி. அந்த அரை மணிக்குள் கோமளம் மூன்று தடவை வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். மூன்று தடவையும் உடனே, வேண்டாம், போ என்றாள்.

வண்டிக்காரர் குலாம் முகம்மது பொறுமைசாலி. ஆனாலும் பொறுமைக்கு எல்லை உண்டல்லவா?

"இன்னாம்மா, போறதா வாணாமா? என்னாண்ட ரெண்டு விதமா சொன்னா நான் கேட்டுக்குவேன். குதிரைக்குக் கோவம் வந்துரும். அப்பால அது போறதுதான் வழி" என்றார்.

"போப்பா. தெப்பக்குளத்துத் தெருவுக்கே போ. இனிமே சொல்ல மாட்டேன்."

கோமளத்தின் கணவர் சுப்பராமனின் அண்ணா கோதண்டபாணி காலமாகிப் பத்து மாதம் ஆகிறது. அண்ணாவின் மனைவி தர்மாம்பாள், எல்லோருக்கும் மன்னி, மயிலாப்பூரில் அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு பெண்களும் புக்ககம் போய்விட்டார்கள். முன்கட்டில் யாரோ குடித்தனம். அன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது சுப்பராமன் சொல்லிவிட்டார்: "வருஷாப்தீகம் ஆனதும் மன்னியை நம்மாத்துக்கே அழைச்சுண்டு வந்துடணும். நான் கேட்டா மாட்டேம்பா. நீ கேளு, கோமு."

கேட்கலாம். கேட்க வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். ஆனால் மன்னியிடம் ஒரு பொய் சொல்லி, அதை மறைத்து, பதினோரு வருஷம் ஆகிவிட்டது. அதைச் சொல்லாமல் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து, தினம் முகம் பார்த்துச் சோறு போட முடியாது. சொன்னாலோ, மன்னி இந்த ஜன்மத்தில் மாம்பலத்துப் படி ஏறமாட்டாள். குதிரைக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தப் பொய் பிறந்தது ராமேசுவரத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்துக் கோடையில்.

அப்போது மயிலாப்பூர் வீட்டில் பதினோரு பேர். கோதண்டபாணி ஹைகோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் தலைமைக் குமாஸ்தா. வக்கீல் கோர்ட்டில் பேசியதைவிட இவர் வீட்டில் பேசியது அதிகம். "ஒரே கூரை, ஒரே உலை" என்பது அவர் சட்டம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்தக் கூரைக்கு அடியில் கோமளம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கணவனோடு பகலில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரவில் பேசலாம் என்றால், மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் சுப்பராமனின் அத்தை இருமுவாள். இருமலிலேயே "போதும்" என்று சொல்லத் தெரிந்த அத்தை. சுப்பராமனுக்கு மோர்க்குழம்பு உயிர் என்பதுகூட அத்தை சொல்லித்தான் கோமளத்துக்குத் தெரியும்.

இருந்தாலும் அந்த வீட்டை இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. விடியற்காலையில் கோயில் மணி, கூடத்தில் பதினோரு இலை, கிணற்றடியில் மன்னியின் சிரிப்பு. மாம்பலத்து வீட்டில் மின்சார விளக்கு இருக்கிறது, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. அந்தச் சத்தம்தான் இல்லை.

கோர்ட்டு லீவு விட்டதும் கோதண்டபாணி ராமேசுவரம் என்றார். கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, நானூறு மைல் ரயிலில் போய்க் கடலில் குளிப்பானேன் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியமில்லை. தீவிலே குளித்தால்தான் புண்ணியம். எழும்பூரில் போட் மெயில் ஏறி, புளியோதரை மூட்டையும் கூஜாவுமாக பாம்பனில் இறங்கி, வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு நாள் திட்டம்.

யாத்திரிகர் சத்திரங்களில் அந்த நாளில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம். நாலாம் நாள் காலையில் மணியக்காரர் வந்து நின்று, "அடுத்தவாளுக்கு இடம் விடணுமோல்லியோ?" என்பார். ஆகவே மூன்று நாள் ஒரு சத்திரம், மூன்று நாள் இன்னொரு சத்திரம் என்று கோதண்டபாணி ஊரிலிருந்தே கணக்குப் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை கோமளமும் மன்னியும் கடலில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு வந்துகொண்டிருந்தார்கள். வழியில்தான் அந்த இரண்டாவது சத்திரம். "உள்ளே போய் நாளைக்கு இடம் இருக்கான்னு கேட்டுண்டு வா. நான் இங்கே நின்னுண்டிருக்கேன்" என்றாள் மன்னி. கோமளம் உள்ளே போனாள். மணியக்காரரின் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கூடமும் காலி, தாராளமாக வரலாம் என்றாள்.

கோமளம் வாசலுக்கு வரப் பத்து அடி. அந்தப் பத்து அடிக்குள் அவள் மனசில் என்ன நடந்தது என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. பத்தொன்பது வயது. எதிரே நீலமாகக் கடல். நாளைக்கும் பதினோரு பேர், அதே அத்தை, அதே இருமல்.

"ஒரே கூடம்தானாம் மன்னி. அஞ்சு பேருக்குத்தான் இடமாம்" என்றாள்.

"அப்படியா?" என்றாள் மன்னி. இருவரும் நடந்தார்கள்.

கோதண்டபாணி குதித்தார். அன்று முழுக்க வெயிலில் அலைந்து, கடைசியில் சட்டத்தை அவரே உடைத்தார். அத்தையும் அவள் பிள்ளைகள் இரண்டு பேரும் தம் இரண்டு பெண்களோடு அந்தச் சத்திரத்துக்கு. அந்த வீட்டோடு இருந்த மாமா ஒருவரும் மாமியும் கூட வந்திருந்தார்கள். அவர்களும் நெருக்கிக்கொண்டு அங்கேயே. தாமும் தர்மாம்பாளும் ஒரு புரோகிதர் வீட்டுப் பின்கட்டில். மிஞ்சியது கடலோரத்தில் ஒரு காபி கிளப்பின் மாடியறை. கிளப்புக் காபி தமக்கு ஆகாது என்பதால், அது சின்னவனுக்கும் அவன் மனைவிக்கும். பொய்க்குச் சுவாமியே சாட்சி சொல்ல வந்தாற்போல, மறுநாள் ரயிலில் வடக்கத்தி யாத்திரைக் கூட்டம் ஒன்று வந்து சத்திரத்தின் இன்னொரு கூடத்தை அடைத்துக்கொண்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த மூன்று நாள்! மாடியறையில் ஒரு ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். காலையில் இரண்டு டம்ளர் காபி சேர்ந்தாற்போல் மேலே வரும். மயிலாப்பூரில் சின்ன மாட்டுப்பெண்ணின் முறை வரும்போது டிகாஷன் மூன்றாம் தண்ணீராகி இருக்கும். இங்கே முதல் டிகாஷனை, கணவனுக்கு எதிரில் உட்கார்ந்து, ஆற அமரக் குடித்தாள். இரண்டாம் நாள் சாப்பிடும்போது சுப்பராமன் ரகசியம் சொல்வதுபோல் குனிந்து, "எனக்கு மோர்க்குழம்பே பிடிக்காது கோமு. அத்தை ஆசையா பண்றாளேன்னு பத்து வருஷமா சாப்பிடறேன்" என்றார். அவள் புரைக்கேறும்வரை சிரித்தாள். அன்றைக்குத்தான் தனக்குக் கல்யாணம் ஆனதாக அவளுக்குத் தோன்றியது.

நாக்கு ஒரு ருசியைக் கண்டுவிட்டால் சும்மா இருக்குமா? ஊருக்குத் திரும்பியபின் சுப்பராமனுக்கு அந்தக் கூரை தலையில் இடித்தது. இரண்டே வருஷத்தில், மாம்பலத்தில் புதிதாக மனை பிரித்து விற்கிறார்கள் என்று ஒன்றை வாங்கி, வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணா கிருகப்பிரவேசத்துக்கு வந்தார், தாம்பூலம் வாங்கிக்கொண்டார், சாப்பிடாமல் போனார். அப்புறம் அத்தை, மாமா, மாமி என்று ஒவ்வொருவராகப் போனார்கள், அத்தையின் பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனார்கள், பதினோரு இலை நாலாயிற்று, இரண்டாயிற்று. போன வருஷம் கோதண்டபாணியின் உயிர் பிரிகிற தறுவாயில் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றபோது அவர் சொன்னது கோமளத்தின் காதில் நேராக விழுந்தது: "ராமேசுவரத்திலேதான் எல்லாரும் பிரிஞ்சோம்." அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

ஜட்கா நின்றது. கோமளம் முன்கட்டைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனாள்.

மன்னி அடுப்படியில் இருந்தாள். வெறும் நெற்றியோடு அவளைப் பார்க்கக் கோமளத்துக்கு இன்னும் பழகவில்லை. "வா, வா. வெயில்லே வந்திருக்கே. காபி போடறேன்" என்று எழுந்தாள் மன்னி.

"காபி அப்பறம் மன்னி. முதல்லே உக்காருங்கோ. நான் உங்ககிட்டே ஒரு பொய் சொல்லிட்டேன்."

"எப்போ?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி."

"அத்தனை பழசா? ஊறுகாயே கெட்டுப் போயிருக்குமேடி."

கோமளத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இரண்டு கூடமும் காலியாக இருந்தது, தான் ஒன்று என்று சொன்னது, ஜன்னல், காபி, மாம்பலம், எல்லாவற்றையும். "பெரியவர் மனசு ஆறாமயே போயிட்டார். குடும்பம் உடைஞ்சது என்னாலேதான் மன்னி. அந்த ஒரு பொய்யாலே" என்று புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

 மன்னி அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள்.

"அந்த மணியக்காரர் ஆத்துக்காரி குரல் ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றாள் மெதுவாக. "அவ ரகசியம் பேசினா ரயிலடிக்குக் கேக்கும். 'ரெண்டு கூடமும் காலி, இருபது பேர் வந்தாலும் வாங்கோ'ன்னு அவ சொன்னது, வாசல்லே நின்ன எனக்கு எப்படிடி கேக்காம இருக்கும்?"

கோமளத்தின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. "கேட்டுதா? கேட்டுண்டா பேசாம வந்தேள்?"

"கேட்டுண்டுதான்."

"எனக்காகவா மன்னி?"

"உனக்காகன்னு சொன்னா நன்னாத்தான் இருக்கும். ஆனா நான் அத்தனை நல்லவ இல்லை" என்றாள் மன்னி. "எனக்காகத்தான். பதிமூணு வயசிலே இந்தாத்துக்கு வந்தேன். இருபத்தஞ்சு வருஷம் ஆயிருந்தது அப்போ. நீ மூணு வருஷத்துக்கே தவிச்சுப் போயிட்டே. நான் இருபத்தஞ்சு வருஷம். உன் வாயிலேருந்து அந்தப் பொய் வந்ததும், அட, நமக்கு இது தோணாமப் போச்சேன்னு நினைச்சேன்."

அவள் முகம் அடுப்பு வெளிச்சத்தில் சின்னப் பெண்ணின் முகமாகியிருந்தது.

"அவருக்குத் தண்ணின்னா பயம், தெரியுமோ? யாருக்கும் தெரியாது. மெரினாவிலேகூட மணலோட நின்னுடுவார். முதல் மூணு நாளும் கரையிலே நின்னுண்டு சொம்பாலே மொண்டு தலையிலே விட்டுண்டார். மடி ஆசாரத்துக்காகன்னு நீங்கள்ளாம் நினைச்சேள். நாலாம் நாள் நாங்க ரெண்டு பேர்தான். பார்க்கறதுக்கு ஆள் இல்லே. என் கையைப் பிடிச்சுண்டு இறங்கினார். அங்கே அலையா அடிக்கறது? முழங்கால் தண்ணி. அதுக்கே கை வெடவெடன்னு நடுங்கறது. 'விட்டுடாதே தர்மா, விட்டுடாதே'ங்கறார். ஊரையே அதட்டற மனுஷன்! அந்த மூணு நாளும் அப்படித்தான் குளிச்சார். சாயங்காலம் மணல்லே உக்காந்துண்டு பேசுவார். சின்ன வயசிலே அப்பா போனது, தம்பியைப் படிக்க வெச்சது, எல்லாரையும் கட்டி மேய்க்கறதுக்குள்ளே தனக்கு வர பயம். அவருக்குப் பேச இத்தனை இருக்குன்னு எனக்கு அப்போதான் தெரிஞ்சுது."

"திரும்பி வந்தப்பறம்?"

"வந்தப்பறம் பழையபடி பெரியவர் ஆயிட்டார். பதினோரு பேருக்குப் பெரியவர். நடுவிலே நான் எங்கே?"

"ஆனா கடைசியிலே அப்படிச் சொன்னாரே மன்னி! ராமேசுவரத்திலேதான் பிரிஞ்சோம்னு. நான் காதாலே கேட்டேனே."

"நீ கேட்டது பாதி. அதுக்குள்ளே குரல் அடங்கிடுத்து. நான் குனிஞ்சு வாய்கிட்டே காதை வெச்சுண்டேன்." மன்னி நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டாள். "'இன்னும் மூணு நாள் இருந்துட்டு வந்திருக்கலாம், தர்மா'ன்னார். அதுதான் கடைசி."

வாசலில் குலாம் முகம்மது குதிரையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. கோமளம் மன்னியின் மடியில் தலையை வைத்துவிட்டாள். பதினோரு வருஷத்துப் பாரம் அத்தனை லேசாக இறங்குமென்று அவள் நினைக்கவில்லை. இறங்கியபின் அழுகை இன்னும் அதிகமாக வந்தது.

"நீ அந்தப் பொய்யைச் சொல்லாம இருந்திருந்தா, நான் அவரோட குடித்தனமே பண்ணாம இருந்திருப்பேன்" என்றாள் மன்னி, அவள் தலையைத் தடவிக்கொண்டே.

"எங்காத்துக்கு வந்துடுங்கோ மன்னி" என்றாள் கோமளம். கேட்க வந்ததை இப்போதுதான் கேட்டாள். "வருவேளா?"

"வராம? அந்த மூணு நாளைப் பத்தி நான் வேற யார்கிட்டேடி பேச முடியும்?" என்றாள் மன்னி. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. பிறகு, காபி போடவேண்டும் என்பதை இருவருமே மறந்துபோக, முதல் நாள் காலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.