பின்பக்கத்து ஒன்பது கேள்விகள்

வாப்பாவின் கடைக்குத் துணி எடுக்க வருகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள். வாப்பா கொழும்பில் கொள்முதல் செய்யும்போது முதல் வேலையாகத் துணியைத் திருப்பிப் போடுவார். சாயம் பிடிக்காத இடம், முடிச்சு, ஒட்டுப்போட்ட நூல் எல்லாம் பின்னால்தான் இருக்கும். மாத்தளைக் கடைவீதியில் நாற்பது வருஷம் இருந்தவரை எந்த மொத்த வியாபாரியும் ஏமாற்றியதில்லை. கடை என் அண்ணன் ஸக்கரியா நானாவுக்குப் போனது. திருப்பிப் பார்க்கும் குணம் எனக்கு வந்தது. அதை வைத்துத்தான் நான் மேட்ரன் சுசீலாதேவியைக் கவிழ்த்தேன்.

அவர் எனக்குச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னைக் கெட்டவள் என்பீர்கள். கேட்ட பிறகும் அப்படித்தான் சொல்வீர்களென்றால் அது உங்கள் இஷ்டம்.

2008 ஜனவரி. வடக்கில் சண்டை. காயப்பட்டவர்களால் பெரிய ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்ததால் எங்களிடமிருந்து எட்டுத் தாதிகளைப் பிடுங்கிப் போயிருந்தார்கள். மாத்தளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில், மிச்சமிருந்தவர்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றோம். அன்று பெண்கள் வார்டில் நான். காலை ஒன்பதரைக்கு ஆபீஸ் போனில் நானா கூப்பிட்டார்.

"ஜுனைதா, வாப்பா மௌத்தாப் போய்ட்டாங்க. அஸர் தொழுதுட்டு அடக்கம். வெரசா வா."

எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, வைத்திருப்பதில்லை. காலையில் மௌத்து என்றால் பின்னேரம் மண். பெண்கள் மையவாடிக்குப் போவதுமில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கும் முகம்தான் கடைசி முகம்.

என் இடுப்பில் சாவி இருந்தது. வலி மருந்தும் மயக்க மருந்தும் பூட்டிய அலுமாரியின் சாவி. ஒரு தாதி கையெழுத்துப் போட்டு இன்னொரு தாதியிடம்தான் கொடுக்க வேண்டும். மேசையில் வைத்துவிட்டுப் போனால் வேலை போகும். இன்னொரு வார்டுச் சாவி வைத்திருப்பவர் வாங்கவும் கூடாது. அந்த நேரத்தில் அதை வாங்கக்கூடியவர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவர்.

"மேட்ரன், வாப்பா மௌத்து. சாவிய நீங்க எடுத்தீங்கன்னா இப்பவே போயிருவேன்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்கு வந்து பன்னிரண்டு வருஷம். எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சரியான கவலை பிள்ளை. ஆனா வார்டுக்கு ஆளில்லை. மேட்ரன் வார்டுச் சாவி வாங்கிற வழக்கமுமில்லை. ஏழு மணிக்கு டியூட்டி முடிய நாளைக்குப் போம்."

"எங்க ஆக்கள்ல நாளைக்கு இல்ல, மேட்ரன். இன்டைக்கே அடக்கிருவாங்க."

"செத்த வீடு எங்கையும் ஓடாது. நாளைக்குப் போம்."

வாசலில் நின்ற அட்டெண்டன்ட் வேலம்மா பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள். "நான் வேணும்னா வார்டப் பாத்துக்கிறேங்க."

"நீ சாவி வாங்கிற ஆளோ?" என்றார் மேட்ரன்.

இரண்டு மணிக்கு, லீவு முடியாமலே விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த இன்னொரு தாதி, ராசம்மா மிஸி, சாவியை வாங்கினாள். வழியில் செக் பொயின்ட். எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, பைகளைக் கொட்டி, மறுபடி ஏற்றினார்கள். வீட்டுக்குப் போகும்போது நாலரை. வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு நாலு மணிக்கே போய்விட்டது. முற்றத்தில் ஆண்களின் செருப்பு ஒன்றுகூட இல்லை. வாப்பாவைக் குளிப்பாட்டிய பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது, இன்னும் ஈரம் காயாமல். நான் பார்த்தது அந்தப் பலகையைத்தான்.

மறுநாள் டியூட்டிக்குப் போனேன். மேட்ரன் எதிரே வந்து, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "முடிஞ்சிச்சு மேட்ரன்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பத்து மாதம் கழற்றவில்லை. கடையில் வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் பெரிய வித்தையில்லை.

ஒக்டோபரில் கண்டியிலிருந்து டாக்டர் ஆறுமுகநாதன் வந்தார். மெலிந்த, பவ்வியமான மனிதர். சுகாதாரத் துறையில் வேலை செய்கிறவர்களின் மன அழுத்தம், சோர்வு, நலன் பற்றி ஆராய்ச்சி என்றார்.

"பிரஷரா டாக்டர்? எனக்கு ஏற்கெனவே இருக்கு" என்று வேலம்மா சட்டைக் கையைச் சுருட்டினாள்.

"அந்தப் பிரஷர் இல்லம்மா. மனசுக்குள்ள இருக்கிறது."

"அதுவும் இருக்குங்க. அதுக்கு எந்தக் கையச் சுருட்டணும்?"

டாக்டரும் சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். பெயர் எழுத வேண்டாம். தனியாக இருந்து நிரப்பி, பூட்டிய பெட்டியில் போட வேண்டும். ஆட்கள் தாங்க முடியாமல் இருக்கிறார்கள் என்று கணக்கு வந்தால், அதைக் காட்டி மேலிடத்தில் இன்னும் இரண்டு தாதிகளைக் கேட்கலாம்.

டாக்டர் போன கையோடு மேட்ரன் எங்களைக் கூட்டினார். மாகாணத்தில் பயிற்சிப் பொறுப்பாளர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது, நேர்முகம் நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியான நேரத்தில் தன் ஆஸ்பத்திரியில் யாருக்கும் சோர்வு இருக்கப்படாது அல்லவா?

கையிலிருந்த தாளின் முதல் பக்கத்தை ஒரு ஓட்டம் பார்த்தார். ஒன்பது கேள்விகள். காலையில் எழும்பும்போதே களைப்பாக இருக்கிறதா, நோயாளிகள் மேல் எரிந்து விழுகிறீர்களா, வேலையை விட்டு ஓடத் தோன்றுகிறதா. நாலு விடைகள்: ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்.

"இஞ்ச பாருங்கோ. எல்லாத்துக்கும் 'ஒருபோதும் இல்லை' எண்டு போடுங்கோ. பெட்டி என்ர அறையில இருக்கும். என்னட்டக் காட்டிப்போட்டுப் போடுங்கோ."

நான் என் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்திலும் ஒன்பது கேள்விகள் இருந்தன. இன்றைக்கு ஒருவருக்கு நல்லது செய்தேன் என்று தோன்றுகிறது. வேலை முடிந்து போகும்போது மனம் நிறைந்திருக்கிறது. என் மேலதிகாரி என் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார். அதே நாலு விடைகள்.

வாப்பா நல்ல துணிப் பேல் ஒன்றில் கிழிசலைக் கண்டுபிடித்தால் உடனே சத்தம் போடமாட்டார். வெற்றிலை போடுவார். நானும் தாளை மெதுவாக முன்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"எல்லாத்துக்குமா, மேட்ரன்? ஒன்னுகூட விடாமலா?"

"காது கேக்காதோ உமக்கு? எல்லாத்துக்கும்."

"இல்ல, மத்த டியூட்டிக்கு வாற ஆக்கள் இங்க இல்லியே. அவங்க மாத்திப் போட்டா உங்களுக்குத்தானே கரைச்சல். புத்தகத்துல ஒரு வரி எழுதி வெச்சீங்கன்னா எல்லாரும் பாத்துக்குவாங்க."

டியூட்டி மாறும்போது எல்லோரும் வாசித்துக் கையெழுத்துப் போடும் உத்தரவுப் புத்தகம் அது. என் அக்கறையைப் பார்த்து மேட்ரனுக்கே சந்தோஷம். சிங்களத்திலும் தமிழிலும் தன் முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: 'ஆய்வுத் தாளில் எல்லாக் கேள்விகளுக்கும் ஒருபோதும் இல்லை என்று குறிக்கவும்.' கீழே கையெழுத்து, திகதி, ரப்பர் முத்திரை. முத்திரையை நான் கேட்கவில்லை. அது அவராகச் சேர்த்துக் கொடுத்தது.

பின்னேரம் வேலம்மா தாளோடு வந்தாள்.

"மிஸி, பின்னால நல்ல கேள்வியா இருக்கே. மனசு நெறைஞ்சிருக்கான்னு. அதுக்கும் இல்லைன்னா போடுறது?"

"புத்தகத்துல என்ன எழுதியிருக்கு?"

"எல்லாத்துக்கும்னு."

"அப்ப எல்லாத்துக்கும்."

"என்னமோ செய்றீங்க. சரி, எனக்குத் தெரியாது, நான் ஒன்னும் கேக்கல" என்று குறித்துக்கொண்டு போனாள்.

நானும் என்னுடையதை நிரப்பினேன். முன்பக்கம் ஒன்பதும் பொய். பின்பக்கம் ஒன்பதையும் பொய் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நாலாவதில் பேனா நின்றுவிட்டது. வேலை முடிந்து போகும்போது மனம் நிறைந்திருக்கிறது. ஒருபோதும் இல்லை. ஜனவரிக்குப் பிறகு ஒரு நாள்கூட இல்லை. குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

மேட்ரன் முப்பத்தொரு தாளின் முன்பக்கத்தையும் பார்த்துத் திருப்தியோடு பெட்டியில் போட்டார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் ஆறுமுகநாதன் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். மேட்ரனின் அறைக்கு எங்களில் நாலைந்து பேரைக் கூப்பிட்டார்கள். தாள்களை மேசையில் விரித்தார். முப்பத்தொன்றும் ஒரே அச்சு.

"மேட்ரன், இந்தத் தாள்களின்படி உங்கள் ஆட்களுக்குக் களைப்பே கிடையாது. அதேநேரம் ஒருவருக்கும் ஒரு நாளும் மனநிறைவு கிடையாது. நோயாளிக்கு நல்லது செய்த நினைப்பும் கிடையாது. நீங்கள் அவர்கள் கஷ்டத்தைக் கேட்டதும் கிடையாது. நான் போன பதினொரு ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை."

மேட்ரன் ஒரு தாளை எடுத்துத் திருப்பினார். அப்போதுதான் முதன்முதலாகத் திருப்புகிறார். முகம் வெளுத்தது.

"இது... இவையள் வேணுமெண்டு செய்திருக்கினம், டாக்டர். நான் ஒண்டும் சொல்லேல்லை."

உத்தரவுப் புத்தகம் என் கக்கத்தில் இருந்தது. பக்கத்தை விரித்து டாக்டர் முன்னால் வைத்தேன். "நாங்க சொன்னதத்தான் செஞ்சோம், டாக்டர்" என்றேன். அவர் வாசித்தார். முத்திரையையும் பார்த்தார். பிறகு தாள்களை அடுக்கினார்.

"இதைப் பாவிக்க முடியாது. இந்த ஆஸ்பத்திரியை ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். ஏன் என்று நான் கண்டி மாகாண அலுவலகத்துக்கு எழுதவும் வேண்டும்."

வெளியே வந்ததும் வேலம்மா கேட்டாள். "அப்ப அந்த ரெண்டு மிஸி வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க."

"நம்ம கஷ்டமும் சேந்து குப்பைக்குப் போயிருச்சே, மிஸி."

ராசம்மா மிஸி அடுத்த வருஷம் முழுக்க இரண்டு வார்டுகளுக்கு நடுவே ஓடினாள். எனக்காக லீவை விட்டு வந்தவள் அவள்.

ஆனால் என் விஷயம் இன்னும் முடியவில்லை. அடுத்த வியாழன் காலை, நான் இருந்த பெண்கள் வார்டுக்கு மேட்ரன் தானே நடந்து வந்தார். அன்று ஆள் பற்றாக்குறையில் ஆண்கள் வார்டுச் சாவியை அவரே வாங்கியிருந்தார். இல்லாத வழக்கம் பத்து மாதத்தில் வந்துவிட்டது.

"ஜுனைதா, கண்டி ஒஃபிசிலயிருந்து கோல் வந்தது. இண்டைக்கு ரெண்டு மணிக்கு முதல் நேர வந்து விளக்கம் சொல்லட்டாம். இல்லாட்டி நேர்முக லிஸ்டிலயிருந்து பேரை வெட்டிப்போடுவினம். இந்தச் சாவியைக் கையெழுத்து வைச்சு எடும். பத்தரை பஸ்ஸைப் பிடிக்கோணும்."

அவர் கை நீண்டிருந்தது. சாவி என் முகத்துக்கு நேரே ஆடியது. அதைக் கொடுக்க அங்கே இருந்த ஆள் நான் ஒருத்திதான்; என் இடுப்பில் பெண்கள் வார்டுச் சாவி ஏற்கெனவே இருந்தது. ஒரு தாதி இரண்டு வார்டுச் சாவி வாங்கக்கூடாது என்று அதே புத்தகத்தில் அதே முத்து எழுத்தில் அவரே எழுதியிருந்தார். பத்து மாதம் நான் வாய்க்குள் வைத்து ஊறவைத்த வாக்கியத்தை எடுத்தேன்.

"நாளைக்குப் போங்க, மேட்ரன். கண்டி எங்கயும் ஓடாது."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். அதில் கோபம் இருந்தது, பயம் இருந்தது. நான் தேடியது மட்டும் இல்லை.

"உமக்கு நான் என்ன பிள்ளை செய்தனான்?" என்றார். நடிப்பில்லை. பேரம் பேசுகிறவன் பொய் சொல்கிறானா என்று கண்ணைப் பார்த்துச் சொல்வேன். அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை.

சொல்லியிருக்கலாம். பலகையைப் பற்றி, ஈரத்தைப் பற்றி. சொன்னால் அது என் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடாகிவிடும்; அவர் மறுபடியும் "சரியான கவலை பிள்ளை" என்பார். ஊசி மருந்துத் தட்டைத் துடைத்தேன்.

வெளியே பஸ் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. மேட்ரன் நோயாளிகள் உட்காரும் வாங்கில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார். கணுக்கால் இரண்டும் வீங்கி, காலுறை வெட்டிய இடத்தில் சிவப்பாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"மூண்டு வருஷமா நானும் ஒரு நாள் லீவு எடுக்கேல்லை" என்றார், என்னிடமா சுவரிடமா என்று தெரியவில்லை.

"அதத் தாள்ல எழுதியிருக்கலாமே, மேட்ரன்" என்றேன்.

சாவி அவர் மடியில் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை.