வாத்துப் புத்தகம் படித்தவள்

மின்நூல் சந்தா கணவரின் யோசனை. அவர் பேருந்து ஓட்டுகிறார். மாதம்தோறும் சந்தா கட்டினால் குடும்பமே இங்கிலீஷ் படித்துக்கொள்ளலாம் என்று பணிமனையில் யாரோ சொல்லியிருந்தார்கள். யார் யார் படிக்கப் போகிறீர்கள், ஆளுக்கொரு பெயர் கொடுங்கள் என்று செயலி கேட்டபோது, மகளின் பெயரை மட்டும் போட்டு நிறுத்திக்கொண்டார்.

"ஒரு வீட்டுக்கு எதுக்கு மூணு பேரு? வாசல் ஒண்ணுதானே?"

அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. மகள் கப்பல் கதைகள் படித்தாள். அவர் இரண்டு நாள் ஏதோ துப்பறியும் கதையைத் திறந்து வைத்து, வாய் பிளந்து தூங்கினார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அம்மாவும் அதில் படிப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வரும் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்க நின்றபடி மடிக்க வேண்டும். மாலையில் செருப்பின் வார் காலில் பதிந்து கிடக்கும். கூடத்தின் கோடியில், விரிப்புகளை வார்டுகளுக்குக் கணக்குப் பார்த்து அனுப்பும் மேசை ஒன்று உண்டு. அங்கே நாற்காலி இருந்தது. அந்த வேலைக்கு வார்டிலிருந்து வரும் சீட்டுகளை இங்கிலீஷில் படிக்கத் தெரிய வேண்டும்.

அதனால் தேநீர் இடைவேளையில் துணி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து கைபேசியில் அந்தச் செயலியைத் திறப்பாள். அவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு புத்தகம். அதில் ஒரு வாத்து, பக்கத்துக்குப் பக்கம் தனக்குப் பிடித்ததைச் சொல்லும். எனக்கு மழை பிடிக்கும். எனக்குச் சேறு பிடிக்கும். அதையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

"என்னடி, வாத்தைப் பாத்து வாயசைக்கிற?" என்றாள் கூட மடிப்பவள். "சொல்லாம கொள்ளாம பாட்டியாயிட்டியா?"

"சும்மா இரேன். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு, பாக்கறேன்."

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது அந்த வாரம்தான். வேலை முடிந்து, சலவைத்தூள் வாசனையோடு அப்படியே போனாள். வகுப்பறையில் குழந்தைகளின் நாற்காலிதான் இருந்தது. உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வந்தது. ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. வழக்கம்போல மகள் நடுவில் நின்று இருவருக்கும் மொழிபெயர்த்தாள்.

ஆசிரியை நிறையப் பேசினார். பேச்சில் கோபம் இல்லை, கவலை இருந்தது.

"நல்லாப் படிக்கிறேனாம்," என்றாள் மகள். "இன்னும் கொஞ்சம் படிக்கணுமாம்."

இதைச் சொல்லவா இவ்வளவு நேரம்? ஆசிரியை கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். மகளின் பெயரில் படித்த புத்தகங்களைப் பள்ளியும் பார்க்கும்படி செயலி இணைக்கப்பட்டிருந்தது. மேலே கப்பல்கள். அதற்குக் கீழே வரிசையாக வாத்து, வாத்து, வாத்து. பக்கத்தில் மகளின் படிப்பைக் காட்டும் ஒரு கோடு ஏறி, பிறகு சரிந்திருந்தது. ஆசிரியை, ஜன்னலோரம் இருந்த மேசையைக் காட்டிவிட்டு, கதவோரம் இருந்த மேசையைக் காட்டினார். ஜன்னலோரம் நன்றாகப் படிக்கிறவர்களுக்கு என்று மகள் முன்பே சொல்லியிருக்கிறாள். அங்கே இடம் கிடைத்த அன்று அவள் சாப்பிடக்கூட உட்காராமல் குதித்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஆசிரியையைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாத்து பக்கத்துக்குப் பக்கம் சொன்ன அதே மாதிரி வாக்கியம். எனக்கு வாத்து பிடிக்கும்.

பேசாமல் எழுந்து போய்விடலாம். ஊமை மாதிரி இருந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மகள் மட்டும் கதவோரம் போய் உட்காருவாள்.

"இல்லை," என்றாள் இங்கிலீஷில். தன் மார்பைத் தொட்டாள். "வாத்து, நான்." மகளின் தோளைத் தொட்டாள். "கப்பல், இவள்." போதவில்லை என்று தோன்றியது. "எனக்கு வாத்து பிடிக்கும்," என்றும் சொன்னாள்.

ஆசிரியை சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். மகள் தடதடவென்று ஒரு பக்கத்தைப் படித்து முடித்தாள். ஆசிரியை ஜன்னல் பக்கம் தலையசைத்தார்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "ஏண்டி பொய் சொன்ன?"

"நீதானே ஒளிச்சு வச்சுப் படிச்ச? அப்போ நான் எப்படிச் சொல்றது?"

"எப்பத்திலேருந்துடி தெரியும்?"

"நான் திறந்தா எப்பப் பாரு அந்த வாத்துதாம்மா மொதல்ல வந்து நிக்குது."

வீட்டில் கணவர் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்திருந்தார். நடந்ததைக் கேட்டு ஒரு கண்ணைத் திறந்தார். "அப்ப அந்தத் துப்பறியற கதைக்கு டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"உங்க குறட்டை அதுல பதியலை."

மகள் செயலியில் அம்மாவுக்குத் தனிப் பெயர் போட்டாள். பெயரோடு வைக்கப் படம் எது வேண்டும் என்று கேட்டாள்.

"எதையாவது போடு. கால் வலிக்குது."

குழந்தைகள் புத்தகம் வேண்டுமென்றால் வயதைச் சொல்ல வேண்டுமாம். வயதுப் பட்டியல் பன்னிரண்டோடு நின்றுவிட்டது.

"எத்தனைம்மா போட?"

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"அஞ்சு போடு. அந்த வயசுல யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."