அரை டாங்கி

தென்னந்தோப்பு வேலியோரம் லொறியை நிறுத்திய என் மனுசன், "கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடந்திட்டு வாறன்" என்று சொல்லி இறங்கினார். கால் மரத்தவர் நேராகத் தண்ணீர்ப் பவுசரின் பின்பக்கம் போய் வால்வுக்கு முன்னால் குந்தியதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜபாருக்குப் பொய் சொல்ல வராது. இருபத்தொரு வருசக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொன்ன பொய்களையெல்லாம் அவர் வாய் மூடுவதற்கு முன்பே நான் பிடித்திருக்கிறேன். இந்த ஒன்றைத்தான் மூன்று மாதம் கோட்டை விட்டுவிட்டேன்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நானும் இறங்கிப் போனேன். அது ஆறாயிரம் லீட்டர் டாங்கி. பாதியை எத்தாளைக்கு அங்கால் இருக்கும் ஹோட்டலின் தொட்டிக்குள் இறக்கிவிட்டு வந்திருந்தோம். மிச்சப் பாதி, மூவாயிரம் லீட்டர் நல்ல தண்ணீர், மணலில் விழுந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கத்து மணலுக்கு வெட்கமில்லை. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டுக் காய்ந்து கிடக்கும்.

"நுஸ்ரா சொன்னது உண்மைதான்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. வால்வைப் பிடித்த கை அப்படியே இருந்தது. அதை மூடவும் இல்லை.

"பாவம் எண்டு தெரியும்" என்றார் கடைசியில். "ஊத்துற ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்றன்."

வீட்டிலிருந்து புறப்படும்போதே சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளையெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தவள் நான். அந்த முதுகைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போனேன். டாங்கி காலியாகும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

நுஸ்ரா என் தங்கை. உப்பளத்து வளைவு தாண்டி வரும் சந்தில், பத்து வீட்டு ஒழுங்கையில் இருக்கிறாள். அங்கே கிணறு எல்லாம் உவர். தேநீர் போட்டால் கண்ணீரைக் குடிப்பது மாதிரி இருக்கும். ஐந்து வருசத்துக்கு முன் என் மாமி, ஜபாரின் உம்மா, மவுத்தானபோது, அவர் பெயரில் ஏதாவது ஸதகா செய்ய வேண்டுமென்று ஜபார் நினைத்தார். ஆட்கள் குர்ஆன் வாங்கிக் கொடுப்பார்கள், பள்ளிக்கு மின்விசிறி போடுவார்கள். இவரிடம் இருந்தது பவுசர். கிழமைக்கு மூன்று நாள் ஹோட்டலுக்குப் போகும்போது டாங்கியை நிறைத்துப் போய், பாதியை அங்கே இறக்கிவிட்டு, மீதியைத் திரும்பும் வழியில் அந்த ஒழுங்கைக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஹோர்ன் சத்தம் கேட்டதும் பத்து வீட்டுப் பெண்களும் கேனும் வாளியுமாக வந்து நிற்பார்கள். முதல் கேன் எப்போதும் நுஸ்ராவுடையதுதான். மச்சான் என்ற உரிமையில் அவள் வரிசையில் நின்றதே இல்லை.

அப்படிக் கொண்டு வந்த ஒரு நாளில்தான் வளைவில் கழுதை நின்றது. இந்தப் பக்கத்துக் கழுதைகளுக்கு ரோட்டு நடுவில் நின்று யோசிக்கிற பழக்கம். ஜபார் வலப்பக்கம் வெட்டி, உடனே இடப்பக்கம் திருப்பினார். லொறி நிமிர்ந்து, பிறகு மெதுவாக, ஆள் களைத்துப் படுப்பதைப் போல உப்பளத்து வாய்க்காலுக்குள் சாய்ந்தது. அவருடைய தோள் எலும்பு உடைந்தது. கழுதைக்கு ஒன்றும் இல்லை.

ஊர் சிரித்தது. நிறைந்த டாங்கியோடு கவிழ்ந்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். "பாதித் தண்ணிக்கே கவுந்திட்டாரே" என்று தேநீர்க்கடையில் பேசினார்கள். பாரம் குறைந்தால் வண்டி லேசு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தோள் தேறி, லொறியையும் திருத்தி, மூன்று மாதத்துக்கு முன் மறுபடி ஓடத் தொடங்கினார். ஆனால் ஒழுங்கையில் நிற்கவில்லை. ஹோட்டல்காரர்கள் இப்போது முழுத் தண்ணீரையும் கேட்கிறார்கள் என்றார். நான் நம்பினேன். ஒரு நாள் நுஸ்ரா தொலைபேசியில் கூப்பிட்டு, "ராத்தா, மச்சான் தோப்புக்குப் பக்கத்தில தண்ணிய மண்ணில ஊத்துறாராம். தேங்கா புடுங்கப் போன ஆக்கள் கண்டிருக்காங்க. மண்ணுக்கு ஊத்துறத எங்களுக்குத் தரக்கூடாதா?" என்றாள். என் மனுசனைக் கள்ளனாக்குகிறாள் என்று எனக்குக் கோபம் ஏறியது. "ஓசித் தண்ணி குடிச்சவங்களுக்கு நாக்கு நீளம்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு அன்றைக்கே தெரியும், அது சொல்லக்கூடாத வார்த்தை என்று. அதன் பிறகு அவள் எடுக்கவும் இல்லை, நான் எடுத்தாலும் பதில் இல்லை.

அதனால்தான் அன்றைக்கு, எத்தாளையில் ஒரு கூட்டாளியைப் பார்க்க வேண்டுமென்று சாட்டுச் சொல்லி லொறியில் ஏறினேன். தோப்பிலிருந்து காலி டாங்கியோடு திரும்பும்போது ஒழுங்கை முனையில் நுஸ்ரா கூடையோடு நின்றாள். எங்களைக் கண்டதும் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஜபார் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது. அதைவிடக் கூடுதலாக என் மீது வந்தது.

வீட்டுக்கு வந்தும் ஏன் ஊற்றுகிறார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம் தோளைத் தடவிக்கொண்டு எழும்பிப் போனார். இரண்டு நாள் பார்த்துவிட்டு, லொறியில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, உடப்பில் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் டாங்கி செய்து கொடுக்கும் அருள்குமரனுக்கு நானே பேசினேன். முன்பு ஒருமுறை எங்கள் வால்வை மாற்றித் தந்த ஆள். பெரிய வயிறு, சின்னக் குரல். லொறியைக் கொண்டுவரச் சொன்னார்; ஜபாரும் நானும் போனோம். அருள்குமரன் மேலே ஏறி, ஆள் இறங்கும் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஜபாரை எங்கள் வழக்கில் அண்ணனாக்கி, "நானா, இதுக்குள்ள ஒண்டுமே இல்லையே. வெறும் பானை" என்றார்.

"தண்ணி டாங்கிக்குள்ள வேற என்ன இரிக்கும்?" என்றேன் நான்.

"தடுப்பு இருக்கோணும் அக்கா. நாங்க போட் டாங்கிக்கே வைக்கிறம். இல்லாட்டிக் கடல் ஒரு பக்கம் ஆட்ட, உள்ளுக்க இருக்கிற டீசல் மத்தப் பக்கம் ஆட்டும்."

அங்கே கிடந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் விளிம்புவரை தண்ணீர் நிறைத்து என்னிடம் தந்து, பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார். கொஞ்சம் சிந்தியது, அவ்வளவுதான். பிறகு பாதியை ஊற்றிவிட்டு ஆட்டச் சொன்னார். தண்ணீர் ஒரு பக்கச் சுவரில் ஏறி, நான் கையை நிறுத்திய பிறகும் மற்றப் பக்கம் ஓடி, பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. என் சட்டை நனைந்தது. நான் ஜபாரைப் பார்த்தேன். அவர் பெட்டியைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது தெரிந்திருக்கிறது. உடம்பு முழுக்கத் தெரிந்திருக்கிறது. மூன்று மாதமாக அதைச் சொல்லத்தான் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறார், நான் பக்கத்தில் படுத்திருக்க.

வேலை ஒன்பது நாள் எடுத்தது. டாங்கியின் பின் மூடியைக் கழற்றி, கறள் பிடித்துத் துருவேறாத தகடுகளில் கைபோகும் அளவு ஓட்டைகளும் மெலிந்த ஆள் நுழையும் அளவு ஒரு வழியும் வெட்டி, குறுக்கே இரண்டும் நீளத்துக்கு ஒன்றுமாகப் பொருத்தினார் அருள்குமரன். குறுக்குத் தகடு பிரேக் பிடிக்கும்போது உதவும், வளைவில் தண்ணீர் பக்கத்துக்குத்தான் ஏறும், அதற்கு நீளத் தகடுதான் வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். டாங்கி உட்காரும் மரக்கட்டைகளை எடுத்துவிட்டு நாலு அங்குலம் கீழே இறக்கினார். உயரம் குறைந்ததும் லொறிக்கு ஒரு அடக்கம் வந்த மாதிரி இருந்தது.

மூடியை மறுபடி வெல்டிங் செய்து ஒட்டிய பிறகுதான் கழுவும் பிரச்சினை வந்தது. குடிக்கிற தண்ணீர் போகும் டாங்கி, உள்ளே ஒட்டுத்தூள் இருக்கக்கூடாது. மேல் வாயால்தான் இறங்க வேண்டும். அருள்குமரனின் வயிறு அதில் நுழையாது. ஜபாருக்குத் தோளைத் தூக்க ஏலாது. மெலிந்திருப்பதற்காக இவ்வளவு காலமும் நான் வாங்கிய பேச்சுகளுக்கு அன்றைக்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது. முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தும்புத் தூரிகையும் வாளியுமாக உள்ளே இறங்கினேன்.

உள்ளே இருட்டும் சூடும். மேலே வட்டமாக ஒரு துண்டு வெளிச்சம், அதில் ஜபாரின் தலை. நான் தேய்த்தேன், அவர் வாளியில் தண்ணீர் இறக்கித் தந்தார். அருள்குமரன் தேநீர் குடிக்கப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தலை வெளிச்சத்திலிருந்து விலகியது. ஆள் டாங்கியின் மேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்க்கிறார் என்று விளங்கியது.

"கமீலா."

"ம்."

"கழுதையில பிழையில்ல."

நான் தேய்ப்பதை நிறுத்தினேன்.

"நான் ஸ்டேரிங்க நேராக்கிட்டன். லொறியும் நேராகிட்டு. தண்ணி மட்டும் நேராகல்ல. முதுகுக்குப் பின்னால அது ஏர்ற சத்தம் கேட்டிச்சு. பிறகு ஒண்டும் செய்ய ஏலாது, பாத்துக்கொண்டுதான் இரிக்கலாம்." தகரத்துக்குள் அவர் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. "நிறைஞ்ச டாங்கியோட போகக்குள்ள பயமில்ல. தோள் தேறின பிறகு ஒருநாள் பாதித் தண்ணியோட வளைவு வரைக்கும் போனன். கால் நடுங்கி கிளச்சை மிதிக்க ஏலாமப் போச்சு. தோப்புக்குத் திருப்பி வந்து எல்லாத்தயும் ஊத்தினன். உம்மாட தண்ணி. ஊத்திட்டு அழுதன்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"என்னெண்டு சொல்றது? இருவத்தாறு வருசமா ஓடுறவன், தண்ணிக்குப் பயம் எண்டா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நல்லவேளை, நான் டாங்கிக்குள் இருந்தேன். அவரை நேரில் பார்த்திருந்தால் அவரும் சொல்லியிருக்க மாட்டார், நானும் ஏதாவது பகிடி விட்டுக் கெடுத்திருப்பேன். கவிழ்த்த வாளி மேல் ஏறி நின்று, ஈரக் கையை அந்த வட்டத்துக்கு வெளியே நீட்டினேன். கொஞ்ச நேரம் காற்று மட்டும்தான் பட்டது. பிறகு பிடித்தார். சரியாக இருக்கும் தோளின் கையால் பிடித்தார், இறுக்கமாக.

லொறியைத் தரும்போது அருள்குமரன் சொன்னார்: "தகடு வெச்சதெண்டு பறக்க வேணாம் நானா. அது தண்ணியத்தான் பிடிக்கும், உங்கட காலப் பிடிக்காது. வளைவுக்கு முன்னுக்கே வேகத்தக் குறைங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து ஹோட்டலுக்குப் போனோம். பாதியை இறக்கினோம். தோப்பு வேலி வந்தது. ஜபாரின் கால் தானாக பிரேக்குக்குப் போனதைக் கண்டேன். நான் வாயைத் திறக்கவில்லை. லொறி கொஞ்சம் தயங்கி, தோப்பைத் தாண்டியது. வளைவுக்கு நூறு மீட்டர் இருக்கும்போது ஓரமாக நிறுத்தினார்.

"நீ எறங்கி நடந்து வா. அங்கால வந்து ஏத்துறன்."

"ஏன், என்ட எடைக்கு லொறி சாஞ்சிடுமா?"

"பகிடி விடாத கமீலா. எறங்கு."

"எறங்க மாட்டன். நீங்க கவுந்தா நான் தனிய வீட்ட போய் ஆரோட சண்ட புடிக்கிற?"

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பிஸ்மி சொல்லி இரண்டாம் கியரைப் போட்டார். எனக்கும் பயம்தான். ஆனால் இறங்குவதாக இருந்தால் அவருடைய பயம் சரியென்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வளைவில் ரோட்டு வாய்க்கால் பக்கம் சாய்வு. வெள்ளையாக உப்புக் குவியல்கள் ஜன்னலில் மெல்லத் திரும்பின. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கிளம்பும் சத்தம் கேட்டது. ஜபார் மூச்சை நிறுத்தினார். தண்ணீர் தகட்டில் போய் முட்டியது. ஓட்டைகளுக்குள்ளால் முணுமுணுத்துக்கொண்டு போனது. பிறகு அந்தப் பக்கம் இன்னொரு சின்ன முட்டல். அவ்வளவுதான். லொறி ஒருமுறை தோளைக் குலுக்கியது போல அசைந்து நிமிர்ந்தது. ரோட்டு நேரானது.

கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, ஸ்டேரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் முதுகைத் தடவினேன். தண்ணீர் அடங்கும்வரை இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. எதிர்பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லையே. ஜபார் ஹோர்ன் அடித்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. மறுபடி அடித்தார். நுஸ்ராவின் வீட்டுத் திரை விலகி, அவள் வாசலுக்கு வந்தாள். கையில் கேன் இல்லை. லொறியைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நுஸ்ரா, நான் சொன்னது பிழை" என்றேன். லொறிக்குள் இருந்தே சொன்னேன், இறங்கினால் சொல்ல வராது என்ற பயத்தில். "நீ சொன்னதுதான் சரி."

அவள் உள்ளே போய்விட்டாள். கதவை மூடவில்லை, எங்களைக் கூப்பிடவும் இல்லை. ஜபார் இறங்கி, குழாயை விரித்துக்கொண்டு அவள் வாசல்வரை போனார். அங்கே, பள்ளியில் முதல் நாள் விடப்பட்ட பிள்ளையைப் போல, குழாயின் வாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே எங்கேயோ பின்பக்கத்தில் சத்தம் கேட்டது. ஒரு பானை, பிறகு ஒரு வாளி, பிறகு இன்னொரு வாளி. உவர்த் தண்ணீர் இருந்த பாத்திரங்களை நுஸ்ரா ஒவ்வொன்றாகப் பின்முற்றத்தில் கவிழ்த்துக் காலியாக்கிக்கொண்டிருந்தாள்.