தோளுக்கு ஏற்ற காலிபர்

கோர்பி ஊரில் துப்பாக்கி பின்னுக்கு உதைத்தால் சுட்டவர் தோளில் ரத்தம் கட்டாது. சுடும் நொடியில் அவர் மனதில் யார் இருந்தாரோ அவருடைய வலது தோளில்தான் கட்டும். நவம்பர் பதினைந்தில் மான் வேட்டை தொடங்கினால், மறுநாளே ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்குத் தோளில் நாவல்பழ நிறம் ஏறியிருக்கும். மருந்துக்கடையில் அந்த வாரம் மட்டும் தைலம் பத்து சென்ட் கூடுதல்.

ஐலிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். கணவன் வெய்னோ வருஷத்துக்கு ஒரு மான் தவறாமல் கொண்டுவந்தான். அவள் தோளோ உரித்த முட்டை மாதிரியே இருந்தது. சனிக்கிழமை நீராவிக் குளியலில் மற்றப் பெண்கள் பலகையில் வரிசையாக உட்கார்ந்து அவரவர் ரத்தக்கட்டைக் காட்டிப் பீற்றிக்கொள்ளும்போது, இவள் சுடுகல்லின்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பாள், ஆவி தன்னை மறைக்கட்டும் என்று. யாரை நினைத்துச் சுடுகிறான் இந்த ஆள்?

துப்பாக்கிக்கடை ஆர்வோதான் ஆறுதல் சொன்னார். "ஏம்மா, அவன் வெச்சிருக்கிறது 243. சின்னத் தோட்டா. கோழி கொத்துற அளவுகூட உதைக்காது. அதுல யார் தோள்ல தடம் விழும்?"

குறை காலிபரில்தான், அதாவது தோட்டாவின் அளவில்தான் என்று ஐலி நம்பினாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வெய்னோவுக்குப் பெரிய தோட்டா போடும் 308 ஒன்று பரிசளித்தாள். அடுத்த வருஷம் அதைவிடப் பலமாக உதைக்கும் 30-06. அவன் குழந்தைபோல் மகிழ்ந்தான். இவள் தோளில் ஒன்றும் விழவில்லை. ஆனால் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹெல்மியின் வலது தோளில் நீலமாக ஒரு தடம் இருந்தது. ஹெல்மியின் கணவன் செத்து நாலு வருஷமாகிறது. விறகு சுமந்த தடம் என்றாள் அவள். விறகாம்!

ஒன்பதாம் வருஷம் ஐலி, எல்லாவற்றையும்விடப் பலமாக உதைக்கும் 300 மேக்னம் கேட்டுப் போனாள்.

"கரடிக்கா?" என்றார் ஆர்வோ.

"மானுக்குத்தான்."

"மானுக்கு 243 போதும்மா. இதுல சுட்டா பாதிக் கறி கூழாயிடும்."

"கறி யாருக்கு வேணும்? எடுத்துக் குடுங்க."

வேட்டை தொடங்கிய அன்று காலையில், வெய்னோ அந்த மேக்னத்தோடு கிளம்பியதுமே குளியலறையைச் சூடாக்கி ஹெல்மியை வரவழைத்தாள். எதிரில் உட்காரவைத்து அவள் தோளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சதுப்புநிலப் பக்கமிருந்து இடி விழுந்ததுபோல ஒரு வெடி கேட்டது. ஹெல்மியின் தோளில் வியர்வைதான் வழிந்தது.

"என்னடி என் தோளையே முறைக்கிற, மச்சம் எண்ணுறியா?" என்றாள் ஹெல்மி.

மதியம் மானோடு வந்த வெய்னோவால் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. அக்டோபரில் மாட்டும் கம்பளி உள்ளாடையை வீட்டில் மே மாதம்தான் அவிழ்ப்பவன்; அவன் தோளை வேட்டைக் காலத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஐலி அதைக் கத்தரித்து எடுத்தாள். அவன் வலது தோளில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது. ஆண்கள் குளியலில் இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கும் அதே இடத்தில்தான் கட்டியிருந்தது.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"எதுக்கு? இன்னிக்கு எவ்வளவு அழகா நின்னு சுட்டேன் தெரியுமா? நீ பாக்கலையே!"

அவன் மனதில் இருப்பது இன்னொருத்தியாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டிருக்கலாம். இவனிடமிருந்து இவனை எப்படிப் பிரிப்பது? ஐலி மேக்னத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அவளால் அவனைத் தவிர வேறு யாரையும் நினைக்க முடியவில்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பார்த்துச் சுட்டாள். வீட்டுக்குள்ளிருந்து அலறல் வந்தது. இன்னொரு தோட்டாவைப் போட்டாள்.

பெண்களுக்கு 243தான் வசதி, மாற்றித் தருகிறேன் என்று ஆர்வோ சொல்லிப் பார்த்தார். அவள் 300 தோட்டா நாலு பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் சுடுகிறாள். அன்றைக்கு வெய்னோவுக்குக் காபிக் கோப்பையை அவன் இடது கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.