பித்தளைக் காறை

என் தம்பி நகை செய்கிறவன். வெள்ளியில் எந்தப் புது வேலையைத் தொடுவதற்கு முன்பும் அதைப் பித்தளையில் ஒரு தடவை செய்து பார்ப்பான். முடித்ததும் பட்டறையிலிருந்து கடைக்கு வந்து என் கழுத்தில் மாட்டுவான். இரண்டடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பான். எங்கே உறுத்துகிறது, எங்கே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று நான் சொல்வேன். அதன் பிறகுதான் வெள்ளியைக் கையில் எடுப்பான். அந்தப் பித்தளை எனக்கு. ஓர் இழுப்பறை நிறைய வைத்திருக்கிறேன்.

விற்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கறுக்காத வெள்ளி இருக்கா?" என்று யாராவது கேட்டால், "எவர்சில்வர் கடை எதிர்த்தாப்புல இருக்கு" என்பேன். பற்பசை போட்டுத் தேய்த்துக் கீறல் விழுந்த தோடோடு வருகிறவர்களை நிற்க வைத்தே திட்டுவேன். ஆனாலும் என்னிடம்தான் வருவார்கள். "நகையைத் திருப்பிப் பாருங்க. முகத்தை யாரு வேணா மினுக்கலாம். முதுகுலதான் செஞ்சவன் தெரிவான்" என்று யார் அவர்களுக்குச் சொல்லித் தருவார்கள்?

தம்பிக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் நல்லவள். குறை சொல்ல இடமே கொடுக்காத நல்லவள், எனக்கு அதுவே எரிச்சல்.

போன மாதம் கழுத்தை ஒட்டி வளையமாக நிற்கும் காறை ஒன்றைப் பித்தளையில் முடித்தான். பட்டறைக் கதவு திறந்ததும் நான் போட்டிருந்த சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக நின்றேன். அவன் என்னைத் தாண்டி மாடிப்படியைப் பார்த்து, "ஒரு நிமிஷம் கீழ வாயேன்" என்றான். அவள் வந்தாள். மாட்டினான். இரண்டடி தள்ளி நின்றான். தலையைச் சாய்த்தான்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்தால் மட்டும் அடங்கிவிடுமா?

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள். இதைச் சொல்ல ஓர் ஆளா? பின்பக்க முனை கூராக இருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. வெறுங்கழுத்தோடு நிற்கும் என்னை அப்போதுதான் தம்பி பார்த்தான்.

"நீயும் ஏதாவது எடுத்துக்கக்கா. வெள்ளியிலயே எடு."

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னையும் வாடிக்கையாளர் ஆக்கிவிட்டான்.

அவள் அந்தக் காறையைக் கழற்றவே இல்லை. குளிக்கும்போதும் அது, தூங்கும்போதும் அது. நேற்று மத்தியானம் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் வந்தாள். காறையைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினாள். சுற்றிலும் பச்சையாகக் கறை.

"அரிக்குது அண்ணி. அவர் ஆசையா செஞ்சது, வேணாம்னு சொல்ல மனசு வரல. என்ன பண்றது?"

உள்பக்கம் மெல்லிசாக மெழுகு தடவி, குளிக்கும்போது கழற்றி வைத்தால் போதும். தெருவில் போகிறவர்களுக்குக்கூட இதைச் சும்மா சொல்லியிருக்கிறேன்.

"உனக்குப் பித்தளை ஒத்துக்காதும்மா. கழட்டிக் குடு, நான் பாத்துக்கறேன்."

"நல்லவேளை, நீங்க இருக்கீங்க அண்ணி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தேன். கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்தேன். பளபளவென்று ஆனது. கண்ணாடி முன்னால் நின்று மாட்டினால், ஏறவில்லை. அவள் கழுத்து ஒல்லி, என்னுடையது அப்படியில்லை. பின்னால் திறந்திருக்கும் அதன் வாயைக் கொஞ்சம் விரித்தேன். உள்ளே போனது, ஆனால் நெரித்தது. எடுத்து இன்னும் விரித்தேன். இப்போது கோணிக்கொண்டு நின்றது. மறுபடி வளைத்தேன். மறுபடி விரித்தேன். பித்தளையைச் சும்மா வளைத்துக்கொண்டே இருந்தால் முறிந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். 'டக்' என்றது. கையில் இரண்டு துண்டு.

நிமிர்ந்தால் பட்டறை வாசலில் தம்பி.

"அவளுக்கு அரிக்குதாம்" என்றேன்.

"மெழுகு தடவச் சொல்லலியா?"

துண்டுகளை வாங்கி, முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். எத்தனை தடவை வளைத்தால் அது அப்படி முறியும் என்று அவனுக்குத் தெரியாதா? திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டித் தொலைத்திருக்கலாம்.

"வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உனக்கும் ஒண்ணு செஞ்சிருப்பேனேக்கா."

மேசை இழுப்பறையைத் திறந்து, வாடிக்கையாளர்களுக்கு அளவெடுக்கிற நூலை எடுத்தான்.

என் கழுத்துக்கு அவன் அளவெடுத்ததே கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கம்பியை வளைத்தாலும் எனக்குக் கச்சிதமாக உட்காரும்.

"அசையாம நில்லுக்கா" என்றான். நூலைச் சுற்றி, முனைகள் சேர்கிற இடத்தை நகத்தால் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் வைத்து எவ்வளவு என்று பார்த்தான்.