மூன்றாம் மாடிக்குப் பதினெட்டு டிகிரி

உறைபனிக் காலத்தில் வீட்டுக்குள் வெறும் பனியனோடு உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்பதுதான் மனித நாகரிகத்தின் உச்சம். நெருப்பும் சக்கரமும் அதற்கான முன்னேற்பாடுகள். இது என் அப்பா லுவானின் முடிவான கருத்து. வடசீனத்து ஹார்பின் தெருவில் மைனஸ் இருபத்தைந்து இருக்கும்போது எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இருபத்தேழு இருக்கும். எனவே மறுப்பாரில்லை.

மூன்றாம் மாடியில் நிங் அக்கா வீட்டில் பதின்மூன்று. நூறு வருடக் கட்டடம், ஒரே குழாய். வெந்நீர் முதலில் எங்கள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு வந்து, பிறகு வீடு வீடாக நலம் விசாரித்துவிட்டு அவரிடம் போய்ச் சேரும்போது வெதுவெதுப்புக்கூட மிஞ்சாது. அவர் வீட்டுக்குள்ளேயே பஞ்சு வைத்த கையில்லாக் கோட்டு போட்டிருப்பார்.

"கரடியெல்லாம் இந்நேரம் தூங்கணுமே, நீ என்னம்மா படியேறி எறங்கிட்டிருக்க?" என்பார் அப்பா.

இந்த வருடம் அக்காவுக்கு ஆறு மாதக் குழந்தை. இலையுதிர் காலத்திலேயே களத்தில் இறங்கிவிட்டார். வீட்டுக்கு வீடு வெந்நீரைப் பங்கிட்டுத் தரும் புதுக் குழாய்கள் வேண்டும். பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட கட்டடம், வெளிச்சுவரைத் தொடக் கூடாது. குழாய் எல்லார் அறைக்குள்ளும், எல்லாரும் குடியிருக்கும்போதே போக வேண்டும். அதற்கு எட்டு வீட்டின் கையெழுத்தும் தேவை. ஏழு வந்தது.

"நூறு வருஷக் கட்டடம். ஒரு ஆணி அடிக்க விடமாட்டேன்," என்றார் அப்பா.

கூடுதலாக ஒரு ரேடியேட்டர் மாட்ட அவரே சுவரில் நான்கு ஓட்டை போட்டிருந்தார். அதை மரப்பெட்டியால் மூடி மேலே பூத்தொட்டி வைத்திருந்ததால் அது கணக்கில் வராது.

மறுநாள் காலை நிங் அக்கா குழந்தையோடு வந்து எங்கள் சோபாவில் உட்கார்ந்தார்.

"என்னம்மா இது?"

"குளிர் வந்தா பிள்ளைய இங்கதான் அண்ணே கொண்டு வரணும். இப்பவே பழகட்டும்."

தினமும் வந்தார். குழந்தை தூங்கினால் டிவி கூடாது. விழித்தால் அப்பாவின் மூக்கைப் பிடித்து இழுக்கும். மூன்றாம் நாள் மாலை அப்பா கையெழுத்திட்டார்.

குழாய் வேலை நடந்த இரண்டு வாரமும் நூடுல்ஸில் சுண்ணாம்பு தின்றோம். வேலைக்கு வந்த கோங் மேஸ்திரி அப்பாவின் கூடுதல் ரேடியேட்டரையும் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அவர் போன மறுநாளே அப்பா அதைப் புதுக் குழாயில் கோத்து, மறுபடி பெட்டியால் மூடினார். கூட மாட நின்றது நான். சோறு போடுபவரிடம் நியாயம் பேசும் வழக்கம் எனக்கில்லை.

அக்டோபர் இருபது. குளிர்காலத்துக்காக நகரம் முழுக்கக் குழாயில் வெந்நீர் விட்டார்கள். மூன்றாம் மாடியில் பதினைந்துக்கு மேல் ஏறவில்லை.

"மேல எல்லாம் சரியாத்தான் இருக்கு. கீழ யாரோ உறிஞ்சுறாங்க," என்றார் மேஸ்திரி, படிக்கட்டில் எல்லாரும் கேட்க.

"யாரா வேணா இருக்கட்டும்," என்றார் நிங் அக்கா. "நாளைக்குக் காலைல தரைத்தளத்துலேர்ந்து ஒவ்வொரு வீடாக் குழாய மூடின பலகையப் பேத்துப் பாருங்க. பிள்ளைக்குப் பதினெட்டு டிகிரி வராம நான் விடப் போறதில்ல. அண்ணே, உங்க வீடுதான் முதல்ல."

"பாக்கட்டும், பாக்கட்டும்," என்றார் அப்பா.

போர்வைக்குள்ளிருந்து குழந்தை பழகிய மூக்கைத் தேடிக் கையை நீட்டியது. அப்பா சில்லிட்டிருந்த அந்தக் கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூத்தொட்டியை இறக்கினார்.

"ஸ்பானர் எங்கடா?"

"எதுக்குப்பா?"

"செடிக்குத் தண்ணி ஊத்த."

வால்வை மூடி, ரேடியேட்டரைக் கழற்றி, குழாய் முனையை அடைத்தார். இந்த முறை என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலமே படிக்கட்டு வழியாக நிங் அக்காவின் குரல் கேட்டது: "மேஸ்திரி! பதினெட்டரை!"

எங்கள் வீட்டில் பத்தொன்பது. அப்பா பனியனோடு எழுந்து ஜன்னல்களைச் சரிபார்த்தார். எல்லாம் மூடித்தான் இருந்தன. பிறகு அலமாரியைத் திறந்து அம்மாவின் பஞ்சுக் கோட்டை எடுத்தார். கையில்லாதது, பெரிய பெரிய சிவப்புப் பூப் போட்டது. போட்டுக்கொண்டு, பொத்தான்களைக் கழுத்து வரை மாட்டி, டிவி முன் உட்கார்ந்தார்.

நான் கரடிகளைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.