மடிப்பைத் தளர்த்தும் மருந்து

"எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே டிஎன்ஏதான்னா, கண்ணுல ஏன் நகம் முளைக்கல?" என்று தம்பி சந்தீப் ஒருமுறை கேட்டான். தாரிணி அப்போது ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த புதிது. துணி அலமாரியைத் திறந்து காட்டினாள்.

"பட்டுப்புடவையெல்லாம் அடியில இறுக்கி மடிச்சுக் கட்டியிருக்கு. அம்மா தினமும் மேலே இருக்கிறதைத்தானே எடுக்கறாங்க? கண்ணோட செல்லுல நகத்துக்கான பகுதி அப்படி அடியில கட்டிக் கெடக்கு."

"என் இதயத்தோட மூட்டையை யாரும் சரியா பிரிக்கலை போல!" என்று சிரித்தான். பிறவியிலேயே பலவீனமான இதயம். குகட்பள்ளிப் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டின் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சிரைத்துப் படியில் உட்கார்ந்துவிடுவான்.

விளையாட்டாகச் சொன்னது அப்படியே பலித்தது. டிஎன்ஏ இழையின் மடிப்பைத் தளர்த்தும் புரதம் ஒன்று அவனுக்குக் குறைவு என்று பிறகொரு பரிசோதனை சொன்னது. சந்தீப் ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தான். அந்த ரத்தச் செல்களை எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய குருத்தணுக்களாக்கி, அவற்றை இதயச் செல்களாக வளர்க்கும் வேலை தாரிணிக்கு வந்தது. மடிப்பைத் தளர்த்த ஒரு மருந்தும் இருந்தது. அதைக் கொடுத்தால் அவை துடிக்குமா? வேறெந்த நினைப்பும் அவளுக்கு ஓடவில்லை.

ஆசை அவசரமாயிற்று. செல்கள் இதயத்தின் பக்கம் திரும்பும்வரை பொறுக்காமல், முதல் நாளே மருந்தை ஊற்றிவிட்டாள். சில நரம்பைப் போல நீண்டன, சில சும்மா கிடந்தன. எதுவும் துடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதாள்.

"நக்கோ அக்கா, வேணாம், அழாதே! எல்லா மூட்டையையும் ஒரேயடியா பிரிச்சுக் கொட்டினா, எதைக் கட்டிக்கறதுன்னு செல்லு முழிக்காதா? என் ரத்தம்தானே, இன்னும் இருக்கு. மறுபடி போடு."

மறுபடி போட்டாள். மருந்துப் புட்டி வரை போன கையை நாள்தோறும் இழுத்துக்கொண்டாள். செல்கள் திசை பிடித்த பிறகுதான் ஊற்றினாள். பிறகு ஒரு காலையில் தம்பியை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தாள்.

நுண்ணோக்கியில் கண் வைத்தான். செல்கள் வளர்ந்த தட்டின் ஓரத்தில் சின்னத் திட்டு ஒன்று சுருங்கியது, விரிந்தது, தயங்கியது, மறுபடி சுருங்கியது.

"சீரா இல்லைடா. இது மருந்தா உன் கைக்கு வர்றதுக்கு வருஷக்கணக்காகும். வராமலும் போகலாம்."

அவன் கண்ணை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து நிமிர்ந்தான். அவளுடைய மூக்குக்கண்ணாடி நனைந்திருந்தது. அதைக் கழற்றி, தன் சட்டை நுனியில் துடைத்து, அவளுக்கே மாட்டிவிட்டு வெளியே போனான்.